நாற்பத்தொன்றாம் சீட்டு

அன்று மதியம் மணி அடித்தபோது தபால்காரர் இன்னும் சாகவில்லை. அடுத்த வகுப்பில்தான் சாகப் போகிறார். அது நான்கு நாள் கழித்து, திங்கட்கிழமை.

தபால்காரர் நிஜ மனிதர் இல்லை. முதலாண்டு உயிரியல் மாணவர்களுக்காக விரிவுரையாளர் தானே எழுதிய கேஸில் வருகிறவர். மூன்று வருடங்களுக்கு முன்பு அவள் நோட்ஸ் வாசிப்பதை நிறுத்திவிட்டாள். அதற்குப் பதிலாக ஒவ்வொரு பாடத்துக்கும் ஒரு நோயாளி. நோயாளியின் கதை பகுதி பகுதியாகத் திரையில் வரும். ஒவ்வொரு பகுதியின் முடிவிலும் என்ன செய்யலாம் என்று மாணவர்கள் தங்கள் போனில் வாக்களிக்க வேண்டும். எதற்கு அதிக வாக்கு விழுகிறதோ அந்த வழியில்தான் கதை நகரும். தப்பாக வாக்களித்தால் நோயாளி கஷ்டப்படுவார்.

"நோட்ஸ் வாசிச்சா தூங்குற பிள்ளைங்க, ஒரு ஆள் சாகப் போறாருன்னா எழுந்து உட்காருதுங்க சார்," என்று அவள் துறைத் தலைவரிடம் சொல்லியிருந்தாள். "என்னமோ பண்ணுங்க, பாஸானா சரி," என்றார் அவர்.

வாயைத் திறந்தால் மற்றவர்கள் சிரிப்பார்களோ என்று பயப்படுகிறவர்களுக்காக அவள் ஒரு ஏற்பாடு செய்திருந்தாள். பருவத் தொடக்கத்தில் ஒரு டப்பாவில் ஐம்பத்தெட்டு சீட்டுகள் போட்டுக் குலுக்குவாள். ஆளுக்கொரு சீட்டு. அதில் உள்ள எண்ணில்தான் வாக்களிக்க வேண்டும், கேள்வி கேட்க வேண்டும். எந்த எண் யாருடையது என்று யாருக்கும் தெரியாது. அவளுக்கும் தெரியாது. அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு. எதைக் கேட்டாலும் பதிலுக்கு இன்னொரு கேள்வி கேட்பாள் என்பதால் பிள்ளைகள் அவளுக்கு 'கேள்வி மேடம்' என்று பெயர் வைத்திருந்தார்கள்.

அன்றைய பாடம் நரம்பு. தபால்காரரின் கணுக்காலில் ஒரு நாய்க்குட்டி கடித்துவிடுகிறது. சின்னக் காயம். குட்டி பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. அவருக்கோ நிறைய வேலை. உடனே ஊசிக்குப் போகச் சொல்வதா, பத்து நாள் குட்டியைக் கவனிக்கச் சொல்வதா? கவனிக்கலாம் என்று முப்பத்தாறு பேர் வாக்களித்தார்கள். இரண்டாம் பகுதியில் நாய்க்குட்டியைக் காணவில்லை. வைரஸ் நரம்பு வழியாகத்தான் மூளைக்கு ஏறும் என்று விளக்கிவிட்டு, ஒரு நாளைக்கு இத்தனை மில்லிமீட்டர் என்று குறைந்த வேகம் ஒன்றும் கூடிய வேகம் ஒன்றும் கொடுத்தாள்.

"கணக்கு போடுங்க. இன்னைக்கு அது எங்க இருக்கும்?"

"முழங்கால் ஸ்டேஷன் தாண்டியாச்சு மேடம்," என்றான் ஒருவன். "அடுத்து இடுப்பு ஜங்ஷன், வண்டி பத்து நிமிஷம் நிக்கும்," என்றாள் ஒருத்தி. வகுப்பே சிரித்தது. அவளும் சிரித்தாள். மூன்றாம் பகுதியில் தபால்காரர் ஒரு டம்ளர் தண்ணீரைக் கையில் எடுக்கிறார், தொண்டை இறுகுகிறது, டம்ளர் கீழே விழுகிறது. அவருடைய முகம் மட்டும் திரையில் பெரிதாக நின்றபோது மணி அடித்தது.

ஆசிரியர் அறைக்குப் போய் நாற்காலியில் உட்கார்ந்து, வந்திருந்த கேள்விகளைப் படிக்கத் தொடங்கினாள். தேர்வில் இது வருமா என்று மூன்று பேர் கேட்டிருந்தார்கள். நான்காவது கேள்வி இப்படி இருந்தது:

"மேடம், கடிச்சு பத்தொன்பது நாள் ஆன ஆளுக்கு இனிமே ஊசி போட்டு பிரயோஜனம் உண்டா? சின்னக் காயம்தான். குட்டி நாய்தான். - 41."

நல்ல கேள்வி என்றுதான் முதலில் நினைத்தாள். பதில் அடிக்கவும் ஆரம்பித்துவிட்டாள். பாதியில் விரல் நின்றது. அவள் எழுதிய கேஸில் தபால்காரருக்கு இருபத்து நான்காம் நாள் தொண்டை இறுகுகிறது. அதற்கு முன்னால் பத்தாம் நாள் வருகிறது. பத்தொன்பது எங்கேயும் இல்லை. சந்தேகத்துக்கு எல்லாப் பகுதிகளையும் மறுபடி திறந்து பார்த்தாள். இல்லை.

 அடித்ததை அழித்துவிட்டு எழுதினாள்: "உண்டு. கட்டாயம் உண்டு. அறிகுறி வர்றதுக்கு முன்னாடி எத்தனை நாள் ஆனாலும் போடலாம். இன்னைக்கே போகணும். இது யாருக்கு?"

நான்கு நிமிடம் கழித்துப் பதில் வந்தது.

"மூணாம் பகுதி பார்த்ததுலருந்து தண்ணி குடிக்கப் போனா தொண்டை இறுகுது மேடம். அப்ப முடிஞ்சுதா?"

அவள் எழுதினாள். மறுபடி எழுதினாள். எங்கே இருக்கீங்க என்று கேட்டாள். பதில் இல்லை. நாற்பத்தொன்றின் பக்கத்தில் இருந்த பச்சைப் புள்ளி அணைந்துவிட்டது.

அவளுடைய அக்கா பெரிய ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவில் நர்ஸ். அவளைப் போனில் பிடித்து மூச்சு விடாமல் எல்லாவற்றையும் சொன்னாள். அக்கா குறுக்கே பேசாமல் கேட்டாள்.

"அறிகுறி வந்துட்டா நம்ம கையில ஒண்ணும் இல்ல. அது உனக்கே தெரியும்," என்றாள் அக்கா.

"தெரியும்க்கா. அதான் உன்னைக் கூப்பிட்டேன்."

"ஆனா அது அறிகுறின்னு யாரு சொன்னா? நீ பாடம் நடத்துற லட்சணத்துக்கு எனக்கே தொண்டை இறுகும். முதல்ல ஆளைக் கூட்டிட்டு வா. உட்கார்ந்து யோசிச்சிட்டு இருக்காதே."

ஆளைக் கூட்டிக்கொண்டு போக ஆள் யார் என்று தெரிய வேண்டுமே. துறைத் தலைவரிடம் ஓடினாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி, "எவனாவது உங்களை வச்சு விளையாடுறான்மா," என்றார். "பேர் தெரியாதுன்னா பிள்ளைங்க என்ன வேணா எழுதும்."

"விளையாட்டா இருந்தா நான் ஏமாந்தவளா இருந்துட்டுப் போறேன் சார். இல்லன்னா?"

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.  பிறகு வகுப்புக் குழுவில் அவசரச் செய்தி ஒன்று போடச் சொன்னார். அவள் போட்டாள். யாரும் எதுவும் சொல்லவில்லை. ஒருவன் மட்டும் தபால்காரருக்கு ஆழ்ந்த இரங்கல் என்று எழுதிவிட்டு, நிலைமை புரிந்தோ என்னவோ, அதை அழித்துவிட்டான்.

தன் மேசைக்குத் திரும்பி வந்தவளுக்கு அழுகை வரும்போல் இருந்தது. யாரும் யாரையும் கண்டுபிடிக்கக் கூடாது என்று யோசித்து யோசித்து அந்த ஏற்பாட்டைச் செய்தது அவள்தான். அது இம்மி பிசகாமல் வேலை செய்துகொண்டிருந்தது.

கணினியில் நாற்பத்தொன்றின் பழைய வாக்குகளைத் திறந்தாள். பருவம் தொடங்கியதிலிருந்து ஏழு கேஸ்கள். எல்லாவற்றுக்கும் நாற்பத்தொன்று வாக்களித்திருந்தது. பாதி சரி, பாதி தப்பு. இரண்டாம் முறை பார்க்கும்போதுதான் ஒன்று கண்ணில் பட்டது. வியாழக்கிழமை வகுப்புகளில் மட்டும் கடைசி வாக்கு இல்லை. ஒரு வியாழனும் இல்லை. இன்றும் வியாழன். இன்று மட்டும் கடைசி நிமிடம்வரை இருந்திருக்கிறது.

வியாழக்கிழமைகளில் கடைசிப் பதினைந்து நிமிடத்துக்கு முன்னால் எழுந்து போக அவளிடம் அனுமதி வாங்கியவர்கள் இரண்டே பேர். ஒருவன் கால்பந்து ஆடுகிறவன். அவனைப் போனில் கூப்பிட்டாள். மைதானத்துச் சத்தத்துக்கு நடுவே, "மேடம், நான் பன்னிரண்டு. நாய் என்னைக் கண்டா ஓடிடும்," என்றான்.

இன்னொருவர் சித்தப்பா.

சித்தப்பாவுக்கு வயது முப்பத்தொன்று. காதோரம் நரை. பள்ளியோடு படிப்பை விட்டுப் பத்து வருடம் வேலை பார்த்துவிட்டு மறுபடி படிக்க வந்தவர். பதினெட்டு வயதுப் பிள்ளைகளுக்கு நடுவே உட்கார்ந்ததால் முதல் வாரத்திலேயே அந்தப் பெயர் விழுந்துவிட்டது. அவரும் கோபித்துக்கொள்ளவில்லை. கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பார். கல்யாணமானவர், கைக்குழந்தை உண்டு. கல்லூரி முடிந்ததும் வீடு வீடாகப் பார்சல் கொண்டுபோய்க் கொடுக்கிற வேலை. வியாழக்கிழமைகளில் மட்டும் லோடு சீக்கிரம் வரும். வீடு வீடாக என்றால் வாசல் வாசலாக. வாசல் வாசலாக என்றால் நாய்.

அவருடைய போன் அணைந்திருந்தது.

பார்சல் கிடங்கு கல்லூரியிலிருந்து ஸ்கூட்டரில் இருபது நிமிடம். அவள் எத்தனை நிமிடத்தில் போனாள் என்று அவளுக்கே தெரியாது. தகரக் கூரை போட்ட பெரிய கூடம். நீளமான பட்டையில் பெட்டிகள் நகர்ந்து வந்துகொண்டிருந்தன. இரண்டு பக்கமும் ஆட்கள் நின்று கையிலிருந்த கருவியால் ஒவ்வொன்றையும் தொட்டுப் பீப் பீப் என்று எண்ண, பசை நாடா கிழியும் சத்தம் நிற்காமல் கேட்டது. மேற்பார்வையாளர் அவளை மேலும் கீழும் பார்த்தார்.

"அவரு லோடு ஏத்திட்டுக் கிளம்பிட்டாரு. என்ன விஷயம்?"

நாய் என்றோ வைரஸ் என்றோ சொன்னால் நாளை அவருக்கு வேலை இருக்குமா என்ற யோசனை அந்த நேரத்திலும் அவளுக்கு ஓடியது. "வீட்டுல அவசரம். போன் எடுக்க மாட்டேங்குறாரு," என்றாள். அது பொய்யும் இல்லை.

மேற்பார்வையாளர் திரையில் தேடினார். புள்ளி ஒன்று ஒரே இடத்தில் நின்றிருந்தது. "இதென்ன, அரை மணி நேரமா அங்கயே நிக்குறாரு," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். நான்கு மாடிக் குடியிருப்பு ஒன்றின் எண்ணைச் சொன்னார். அவள் அந்த எண்ணை வாய்க்குள் சொல்லிக்கொண்டே வண்டிக்கு ஓடினாள்.

வழியெல்லாம் தான் எழுதிய நான்காம் பகுதிதான் நினைவில் ஓடியது. காற்று பட்டாலே உடம்பு தூக்கிப் போடும் என்று எழுதியிருந்தாள். உமிழ்நீர் பற்றி எழுதியிருந்தாள். பிள்ளைகள் மறக்கவே கூடாது என்று ஒவ்வொரு வரியையும் செதுக்கியிருந்தாள். சிக்னலில் நின்றபோது எதிர்க்காற்று முகத்தில் பட்டது. தன் தொண்டையைத் தானே தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

குடியிருப்பின் வாசலில் பார்சல் வண்டி நின்றிருந்தது. சாவி அதிலேயே இருந்தது. உள்ளே நுழைந்து படியேறினாள். முதல் மாடிக்கும் இரண்டாம் மாடிக்கும் இடையிலுள்ள படிக்கட்டில் சித்தப்பா உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு பெட்டி. எதிர்ப் படியில் மூடி திறந்த தண்ணீர் பாட்டில். அதில் ஒரு மிடறுகூடக் குறையவில்லை.

அவளைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தார்.

"உட்காருங்க," என்றாள் அவள்.  இரண்டு படி கீழே அவளும் உட்கார்ந்தாள். "நாற்பத்தொண்ணு நீங்கதானே?"

அவர் தலையை ஆட்டினார். "எப்படி மேடம் கண்டுபிடிச்சீங்க? தெரியாதுன்னு சொன்னீங்களே."

"அதை அப்புறம் சொல்றேன். காயத்தைக் காட்டுங்க."

பேண்டைச் சுருட்டினார். கணுக்காலுக்கு மேலே இரண்டு சின்னப் பொருக்குகள். பழைய கொசுக்கடி என்று சொன்னால் நம்பலாம்.

"கேட்டுக்குள்ள கையை விட்டுப் பெல் அடிச்சேன். குட்டி ஓடி வந்து கவ்விட்டுப் போச்சு. அந்த வீட்டு அம்மா, 'ஊசியெல்லாம் போட்டாச்சுப்பா, விளையாடுது'ன்னு சொன்னாங்க. நானும் குழாயில கழுவிட்டு வந்துட்டேன். போன வாரம் மறுபடி அந்த வீட்டுக்குப் பார்சல் வந்துச்சு. குட்டியைக் காணோம். கேட்டா, 'எதையோ தின்னுட்டுச் செத்துப் போச்சு'ன்னாங்க."

"அப்பவே போயிருக்கலாமே?"

"போகலாம்னுதான் தெரு முனை வரைக்கும் போனேன் மேடம். போனா உண்மையாயிடும்னு தோணுச்சு. போகலன்னா சும்மா ஒரு கீறல்." அவர் கையால் முழங்காலை மெல்லத் தடவினார். "இப்ப இதைத் தாண்டியிருக்கும்ல? கணக்கு போட்டமே. ரெண்டு வேகத்துலயும் போட்டுப் பார்த்தேன். ஒண்ணுல இங்க இருக்குது. இன்னொண்ணுல எப்பவோ போய்ச் சேர்ந்தாச்சு."

ஜங்ஷன் என்று பிள்ளைகள் சிரித்தது, தான் சிரித்தது, எல்லாம் அவள் காதில் திரும்பக் கேட்டது. அதே வகுப்பில் இவர் உட்கார்ந்து தன் காலைக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

"குழந்தைக்கு நேத்து ராத்திரி முத்தம் கொடுத்தேன்," என்றார் அவர் திடீரென்று. "அதையும் கேட்கத்தான் மேடம் மெசேஜ் போட்டேன். அதுக்குள்ள தொண்டை இறுகிடுச்சு. கேட்கப் பயமாயிடுச்சு."

"கிளம்புங்க."

"இன்னும் ஆறு பார்சல் இருக்கு மேடம்."

"ஆறும் கிடக்கட்டும்."

ஆஸ்பத்திரி வாசலில் அக்கா காத்திருந்தாள். வண்டியில் பின்னால் உட்கார்ந்து வந்த சித்தப்பா வழி முழுக்க ஒரு கையால் மூக்கையும் வாயையும் பொத்திக்கொண்டே வந்தார். தன் மூச்சு அவள் மேல் படக்கூடாது என்பதற்காக என்று அவளுக்குப் பிறகுதான் புரிந்தது.

டாக்டர் நடு வயதுப் பெண். அவசரமே படாமல் காயத்தைப் பார்த்தார், நாளைக் கேட்டார், காலில் மரத்துப்போன மாதிரியோ ஊசி குத்துகிற மாதிரியோ இருக்கிறதா என்று கேட்டார். மதியத்திலிருந்து இருக்கிறது என்றார் சித்தப்பா. அக்காவும் தங்கையும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை. பிறகு டாக்டர் ஒரு டம்ளரில் பாதி தண்ணீர் ஊற்றி நீட்டினார்.

"மெதுவா ஒரு வாய்."

அவர் வாங்கினார்.  உதட்டுக்குக் கொண்டுபோனார். கழுத்து நரம்பு புடைத்தது. குமட்டியபடி டம்ளரைத் தள்ளினார். தண்ணீர் சட்டையெல்லாம் வழிந்தது.  அவள் தன் கேஸின் மூன்றாம் பகுதியைக் கண்ணெதிரே பார்த்தாள். அவள் எழுதியதற்கும் இதற்கும் ஒரு வித்தியாசமும் இல்லை. வராந்தாவுக்கு வந்து சுவரில் சாய்ந்துகொண்டாள்.

கொஞ்ச நேரம் கழித்து டாக்டர் வெளியே வந்தார்.

"அதுதானா டாக்டர்?"

"தெரியல. பயத்துலயும் தொண்டை அடைக்கும், கால் மரத்துப் போகும். மூஞ்சில விசிறிப் பார்த்தேன், அதுக்கு ஒண்ணும் ஆகல. அது நல்லதுதான். ஆனா இப்பவே இல்லைன்னு சொல்லிட்டு நாளைக்கு நான் மாத்திச் சொல்லக் கூடாது. காயத்தைச் சுத்திப் போடுற ஊசியும் போட்டாச்சு, தடுப்பூசி முதல் டோஸும் போட்டாச்சு. ரெண்டு நாள் இங்கயே இருக்கட்டும். அதுவா இருந்தா ரெண்டு நாள் சும்மா இருக்காது, கூடிக்கிட்டே போகும்."

"குழந்தைக்கு முத்தம் கொடுத்தாராம்."

"முத்தத்துக்கெல்லாம் பயப்பட வேண்டியதில்ல. ஆனா குழந்தை வாய்லயோ புண்ணுலயோ எச்சில் பட்டிருக்கலாம்னா விட மாட்டேன். இது என்னன்னு தெரிஞ்சதும் குழந்தையைப் பத்தி முடிவு பண்ணலாம். அதுக்கு நேரம் இருக்கு."

இருட்டுவதற்கு முன்னால் அவருடைய மனைவி வந்தாள். குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தவளை அவர் கதவருகிலேயே கையைக் காட்டி நிறுத்தினார். "நீ வா. அவனை வெளிய விட்டுட்டு வா," என்றார். குழந்தை அப்பாவைப் பார்த்துக் கையை நீட்டியது. அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

குழந்தையை அக்கா வாங்கிக்கொள்ள, மனைவி நேரே விரிவுரையாளரிடம் வந்தாள்.

"தண்ணி குடிக்க முடியாமச் சாவாங்கன்னு படம் போட்டது நீங்கதானா?"

"நான்தான்."

"பத்தொன்பது நாளா மனுஷன் நல்லாத்தான் சாப்பிட்டாரு, தூங்கினாரு. இன்னைக்கு உங்க க்ளாஸுக்குப் போனாரு, படுத்துட்டாரு." அவள் குரல் உடைந்தது. "நீங்க படம் போடலன்னா இவரு வாயைத் திறந்தே இருக்க மாட்டாரு. அதுவும் எனக்குத் தெரியும். தெரிஞ்சும் உங்களைப் பார்த்தாலே எரிச்சலா வருது."

"வரட்டும்மா," என்றாள் விரிவுரையாளர். 

மறுநாள் விடுப்பு எடுத்தாள். வீட்டில் இருக்க முடியவில்லை, ஆஸ்பத்திரியிலும் இருக்க முடியவில்லை. மணிக்கொரு தரம் அக்காவுக்கு மெசேஜ் போட்டாள். 'அப்படியேதான்' என்று ஒவ்வொரு தரமும் பதில் வந்தது. டிரிப்ஸ் ஏறுகிறது. ரொட்டி தின்கிறார். தண்ணீர் மட்டும் இறங்க மாட்டேன் என்கிறது. கூடவில்லை, குறையவும் இல்லை. அப்படியே என்ற சொல்லை இத்தனை பயத்தோடு அவள் படித்ததில்லை. மாலையில் போன் ஒலித்து அக்காவின் பெயரைப் பார்த்தபோது எடுக்கத் தைரியம் இல்லாமல் முழுக்க அடிக்கவிட்டாள். பிறகு கூப்பிட்டாள். முந்தின இரவு அவளோடு வீட்டுக்கு வந்தபோது அக்கா தன் சாப்பாட்டு டப்பாவை அவள் வண்டியில் மறந்து விட்டுவிட்டாளாம்.

சனிக்கிழமை காலை அவள் வார்டுக்குப் போனபோது கணவனும் மனைவியும் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். சத்தமில்லாத, பல்லைக் கடித்துக்கொண்டு போடுகிற சண்டை. வெளியூரில் இருக்கும் அவருடைய அம்மாவுக்குச் சொல்வதா வேண்டாமா என்பது விஷயம்.

"சொன்னா அடுத்த பஸ் பிடிச்சு வந்துடுவாங்க," என்றார் அவர்.

"வரட்டுமே. பெத்தவங்க வராம வேற யாரு வருவா?"

"வந்து உன்னைத்தான் திட்டுவாங்க. ஏன் கவனிக்கலன்னு."

"திட்டினா நான் வாங்கிக்கிறேன். நீங்க மறைச்சதுக்கு நான் திட்டு வாங்குறது எனக்கென்ன புதுசா?"

"நான் எப்ப என்னத்த மறைச்சேன்?"

"கேஸ் அடுப்பு டியூப் கிழிஞ்சதை மறைச்சீங்க. வண்டியைக் கொண்டுபோய்ச் சுவத்துல விட்டதை மறைச்சீங்க. இப்ப நாய்."

"வண்டி நான் விடல, அந்தச் சுவரு எதுக்கு அங்க..." என்று தொடங்கியவர் வாய் உலர்ந்து நிறுத்தினார். பக்கத்து மேசையில் மனைவி தனக்காக வைத்திருந்த தண்ணீர் பாட்டிலை எடுத்தார். அண்ணாந்து மூன்று மிடறு குடித்தார். புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டு, "அந்தச் சுவரு எதுக்கு அங்க நீட்டிக்கிட்டு இருக்கணும்? முனிசிபாலிட்டிக்காரனைக் கேளு," என்று முடித்தார்.

மனைவி அந்தப் பாட்டிலையே பார்த்தாள். வாசலில் நின்ற விரிவுரையாளரும் அதையே பார்த்தாள். அவர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு தன் கையிலிருந்த பாட்டிலைப் பார்த்தார்.

"குடிச்சனா?"

"குடிச்சீங்க," என்றாள் மனைவி. கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து முகத்தைத் துப்பட்டாவில் புதைத்துக்கொண்டாள். அவர் இன்னொரு மிடறு குடித்துப் பார்த்தார். இந்த முறை தொண்டை கொஞ்சம் இறுகியது. ஆனாலும் இறங்கியது. விரிவுரையாளர் வெளியே ஓடிப்போய் முதலில் கண்ணில் பட்ட நர்ஸின் கையைப் பிடித்துக்கொண்டு, "குடிச்சிட்டாரு," என்றாள். அது அவளுடைய அக்கா இல்லை. அந்த நர்ஸுக்கு ஒன்றும் புரியவில்லை. சரிங்க, உட்காருங்க என்றாள்.

அன்று மாலை டாக்டர் ஒரு நோயும் இல்லை என்று சொல்லவில்லை. நோய் தொடங்கவில்லை என்றார். இனி வராமலிருக்கத்தான் ஊசி, தேதி தவறாமல் வரவேண்டும் என்றார். குழந்தையைத் தூக்கலாமா என்று சித்தப்பா கேட்டார். தாராளமாக என்றார் டாக்டர். ஆனாலும் அவர் அன்றைக்குக் குழந்தையின் உள்ளங்காலை மட்டும்தான் தொட்டார்.

அந்த நாய்க்குட்டி எதனால் செத்தது என்று கடைசிவரை யாருக்கும் தெரியவரவில்லை. அந்த வீட்டு அம்மா சொன்ன ஊசி போட்ட அட்டையையும் யாரும் பார்க்கவில்லை. சித்தப்பா எல்லா டோஸையும் போட்டுக்கொண்டார். இருந்தாலும் அடுத்த சில மாதங்கள் காலையில் கண் விழித்ததும் முதல் காரியமாக ஒரு வாய் தண்ணீர் குடித்துப் பார்ப்பாராம். மனைவி தூங்குவதுபோல் படுத்திருந்து அதைப் பார்ப்பாளாம். இதை அவளே ஒருநாள், எரிச்சலெல்லாம் தணிந்த பிறகு, விரிவுரையாளரிடம் போனில் சொன்னாள்.

திங்கட்கிழமை வகுப்பில் பிள்ளைகள் தபால்காரர் என்ன ஆனார் என்று கேட்டார்கள். இறந்துவிட்டார் என்று அவள் சொன்னாள். நான்காம் பகுதியைத் திரையில் போடவில்லை. முதலில் ஊசிக்கு வாக்களித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று முன்வரிசையில் ஒருத்தி கேட்டாள். அந்த வழியையும் அவள் எழுதித்தான் வைத்திருந்தாள். அதற்கு அதிக வாக்கு விழாததால் திறக்காமலே கிடந்தது. அன்று அதைத் திறந்து ஒவ்வொரு வரியாக வாசித்தாள். அதன் கடைசியில் ஒரு வரியைப் புதிதாகச் சேர்த்திருந்தாள்: எத்தனை நாள் ஆகியிருந்தாலும் போகலாம். அதை இரண்டு முறை வாசித்தாள். நாற்பத்தொன்றாம் எண் அன்று வரவில்லை.

அதன்பிறகு எந்தக் கேஸையும் நோயாளி ஆபத்தில் இருக்கும் இடத்தில் அவள் நிறுத்தியதில்லை. மணி அடித்தாலும் முடித்துவிட்டுத்தான் விடுவாள். பிள்ளைகள் முணுமுணுப்பார்கள். சீட்டு டப்பாவை எடுத்துவிடச் சொன்னார் துறைத் தலைவர். அவளும் எடுத்துவிடலாம் என்றுதான் ஒரு வாரம் நினைத்தாள். பேர் போட்டுக் கேட்கச் சொல்லியிருந்தால் சித்தப்பா கேட்டிருக்கவே மாட்டார் என்று தோன்றியதும் விட்டுவிட்டாள். ஒன்று மட்டும் மாற்றினாள். வகுப்பு முடிந்து ஒரு மணி நேரம் ஆய்வகத்தில் தனியாக உட்கார்ந்திருப்பாள், யார் வேண்டுமானாலும் வரலாம். பெரும்பாலும் ஒருவரும் வரமாட்டார்கள்.

சித்தப்பா மூன்றாவது வாரம் திரும்பி வந்தார். நடைவழியில் அவளைப் பார்த்து நின்றார்.

"அடுத்த கேஸ் என்ன மேடம்?"

"கல்லீரல்."

"நல்லவேளை, எனக்குக் கல்லீரல்ல ஒண்ணும் இல்ல," என்று சிரித்தார். சிரித்துக்கொண்டே அவருடைய கை வயிற்றின் இடது பக்கத்தை மெல்ல அழுத்திப் பார்த்தது.

"அது வலது பக்கம்," என்றாள் அவள்.

"ஓ," என்று கையை மாற்றினார்.